பந்தி முடிஞ்சதா? இலையைச் சுருட்டு! - டேட்டாபேஸ் மெமரி லீக்கை ஸ்பீடு குறையாமல் சரிசெய்வது எப்படி?

கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினீயரிங் ஃபைனல் இயர் படிக்கிறவரா நீங்க? காலையில் ஆன் செய்த ப்ராஜெக்ட் சர்வர் மத்தியானம் வரை ஜம்முனு ஓடும். சாயங்காலம் டெமோ காட்டும்போது சரியா படுத்துடும். மெமரி தீர்ந்துபோய், டேட்டாபேஸ் புராசஸை லினக்ஸே கொன்றிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாகிடும்... நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்!

இதுக்குப் பெரும்பாலும் காரணம் மெமரி லீக். அதாவது, வேலைக்காக வாங்கிய மெமரியை வேலை முடிந்த பிறகும் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது.

'வாங்கினதை ஒண்ணொண்ணா திருப்பிக் கொடுத்துட்டா போச்சு' என்று தோணும். சிக்கலே அங்கேதான். ஒரு பெரிய குவெரி, ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகளாக மெமரி வாங்கும். ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து விடுவித்தால் குவெரி மெதுவாகும். ஒன்றை மறந்தாலும் லீக்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதைக் கையாளும் விதம் நம்ம ஊர் கல்யாணப் பந்தி மாதிரி. மேஜையில் பேப்பர் ரோல் விரிச்சு, அதுமேல இலை போடுவாங்க. சாப்பிட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு பருக்கையாகவா பொறுக்குறாங்க? பேப்பரோடு சேர்த்து ஒரே சுருட்டு, அடுத்த பந்தி ரெடி! போஸ்ட்கிரெஸில் அந்தப் பேப்பருக்குப் பெயர் 'மெமரி கான்டெக்ஸ்ட்'. பொதுவாக முதலில் 8 கே.பி. வாங்கும், தேவைப்பட்டால் அடுத்தடுத்த துண்டை இரண்டிரண்டு மடங்காக 8 எம்.பி. வரை பெரிதாக்கும். குவெரி முடிந்ததும் மொத்தமாகத் தூக்கிவிடும். லீக்கும் குறைவு, வேகமும் அதிகம்.

ஆனா, பேப்பருக்கு வெளியே சாம்பார் சிந்தினா?

அதுவும் நடந்தது. கனமான குவெரிகளை அந்த நேரத்திலேயே மெஷின் கோடாக மாற்ற, எல்.எல்.வி.எம். என்ற வெளி லைப்ரரியை போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறது. அதன் மெமரி இந்தக் கான்டெக்ஸ்ட்களுக்குள் வராது. ஒவ்வொரு குவெரிக்கும் கொஞ்சம் மிச்சம் சேர்ந்து சேர்ந்து, சர்வரே சாயும் அளவுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் வேகம் அடிவாங்கும். அதனால் 2023-ல் செய்த திருத்தம் ரொம்ப எளிமையானது: 100 குவெரிக்கு ஒருமுறை மட்டும் மொத்தமாகத் துடைப்பது. ஏன் 100? பெரிய கணக்கெல்லாம் இல்லை, ஒரு குத்துமதிப்புதான். எனக்குப் பிடித்ததே அந்த நேர்மைதான்.

உங்க சர்வரில் லீக் இருக்கான்னு பார்க்க, லைவ்ல 'வால்கிரைண்ட்' போடாதீங்க. புரோகிராமைப் பத்து மடங்குக்கு மேல் மெதுவாக்கிடும். டெஸ்ட் மெஷினோடு நிறுத்திக்கோங்க. 2021-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கனெக்‌ஷனின் புராசஸ் நம்பரைக் கொடுத்தால், எந்தக் கான்டெக்ஸ்ட் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று லாக்கில் எழுதும் வசதி இருக்கிறது. பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிடுங்க. விடாம வீங்கிக்கிட்டே போறதுதான் முதல் சந்தேக ஆசாமி.

ஒரு எச்சரிக்கை: 'டாப்' கமாண்டில் மெமரி ஏறுவதெல்லாம் லீக் இல்லை. எல்லா கனெக்‌ஷனும் பொதுவாகப் பயன்படுத்தும் கேஷும் அந்தக் கணக்கில் சேர்ந்துடும்.

லீக்கைக் கண்டுபிடிக்கும் வரை தாக்குப்பிடிக்க 'பிஜி பவுன்சர்' போடலாம். பழைய கனெக்‌ஷன்களை அது யாரும் பயன்படுத்தாத நேரம் பார்த்து மூடிவிடும். தானாக அமைந்திருக்கும் கெடு 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். டெமோ அன்னைக்கு அது போதும்!