உள்ளக வடிவமைப்புப் போட்டி நிகழ்ச்சிகளும் அவற்றை விமர்சித்தலும்

உள்ளக வடிவமைப்புப் போட்டி நிகழ்ச்சி என்பது ரியாலிட்டி ஷோ எனப்படும் தொலைக்காட்சி வகையின் ஒரு பிரிவாகும். போட்டியாளர்கள் குறிப்பிட்ட நேரத்துக்குள், குறிப்பிட்ட பணத்துக்குள் ஓர் அறையையோ வீட்டையோ கடையையோ மாற்றியமைக்கிறார்கள். அதை நடுவர்களோ, வீட்டுக்காரரோ, சில நிகழ்ச்சிகளில் ஏலச் சந்தையோ மதிப்பிடுகிறது. 1990களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் வேகம் பெற்ற இவ்வகை, பின்னர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும் செல்வாக்குப் பெற்றது.

சமையல் போட்டியில் உணவின் சுவையைப் பார்வையாளர் அறிய முடியாது. நடுவர் சொல்வதை நம்ப வேண்டும். அறையை அழகுபடுத்தும் போட்டியிலோ எல்லாம் கண்முன் தெரிகிறது. ஆகவே பார்ப்பவர் ஒவ்வொருவரும் தாமும் ஒரு நடுவர் என்று உணர்கிறார். ஆனால் அவர் பார்ப்பது அறையை அல்ல, அறையின் படத்தை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வதே இந்நிகழ்ச்சிகளை விமர்சிப்பதன் முதல் படி.

தோற்றமும் வளர்ச்சியும்

வீட்டு வேலையைத் தொலைக்காட்சி வழியே கற்றுத்தரும் வழக்கம் பழையது. பிரித்தானியாவில் பாரி பக்னெல் 1950களிலும் 1960களிலும் பிபிசியில் வீட்டுப் பழுதுபார்ப்பு வேலைகளைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய 'திஸ் ஓல்டு ஹவுஸ்' பழைய வீடுகள் புதுப்பிக்கப்படுவதைப் படிப்படியாகக் காட்டியது. இவற்றில் போட்டி இல்லை. வேலையை எப்படிச் செய்வது என்பதே உள்ளடக்கமாக இருந்தது.

1996இல் பிபிசி டூவில் தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' இந்த நிலையை மாற்றியது. அறிமுகமான இரு குடும்பத்தினர் தங்கள் வீட்டுச் சாவிகளை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் வீட்டில் ஓர் அறையை மற்றவர் இரண்டே நாளில், 500 பவுண்டு செலவில், ஒரு வடிவமைப்பாளரின் துணையுடன் மாற்றியமைப்பார். முடிவில் வீட்டுக்காரரின் கண்களை மூடி அழைத்து வந்து அறையைக் காட்டுவார்கள். அந்தச் சில நொடிகளுக்காகவே மக்கள் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை பிரித்தானிய வீடுகளில் பரவலாக அறியப்பட்டதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். இது 2004 வரை ஓடியது. 2021இல் சேனல் 4இல் மீண்டும் வந்தது.

இதன் அமெரிக்க வடிவமான 'டிரேடிங் ஸ்பேசஸ்' 2000இல் டிஎல்சி அலைவரிசையில் தொடங்கியது. அதில் ஓர் அறைக்கு 1000 டாலர் ஒதுக்கப்பட்டது. இவ்விரண்டிலும் பரிசோ வெளியேற்றமோ கிடையாது. 2003இல் ஆஸ்திரேலியாவின் நைன் நெட்வொர்க் தொடங்கிய 'தி பிளாக்' பணப் போட்டியைக் கொண்டுவந்தது. 2006இல் எச்ஜிடிவியின் 'டிசைன் ஸ்டார்', 2007இல் பிராவோவின் 'டாப் டிசைன்' ஆகியவை வாரம் ஒருவரை வெளியேற்றும் முறையைப் பின்பற்றின. பிபிசி டூவில் 2014இல் 'தி கிரேட் இன்டீரியர் டிசைன் சேலஞ்ச்', 2019இல் 'இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்' ஆகியவை வந்தன.

போட்டியின் வகைகள்

இந்நிகழ்ச்சிகளை, யார் தீர்ப்பு சொல்கிறார்கள் என்பதைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

வீட்டுக்காரர் தீர்ப்பு: 'சேஞ்சிங் ரூம்ஸ்', 'டிரேடிங் ஸ்பேசஸ்' போன்றவை. இங்கு வெற்றி, தோல்வி என்பது வீட்டுக்காரரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியும் ஏமாற்றமும்தான்.

நடுவர் தீர்ப்பு: 'டிசைன் ஸ்டார்', 'டாப் டிசைன்', 'இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்' போன்றவை. நடுவர்கள் துறை சார்ந்தவர்கள். 'டாப் டிசைன்' நிகழ்ச்சியின் முதன்மை நடுவர் ஜொனாதன் ஆட்லர் பீங்கான் கலைஞரும் வடிவமைப்பாளரும் ஆவார். 'இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்' நடுவர் மிஷெல் ஓகுண்டேஹின் வடிவமைப்பு இதழொன்றின் ஆசிரியராக இருந்தவர்.

சந்தைத் தீர்ப்பு: 'தி பிளாக்' இதற்குச் சான்று. இணைகள் ஆளுக்கொரு வீட்டைப் புதுப்பிப்பார்கள். வாரந்தோறும் நடுவர்கள் அறைகளுக்கு மதிப்பெண் தருவார்கள். ஆனால் இறுதியில் வீடுகள் ஏலத்துக்கு வரும். குறைந்தபட்ச விலைக்கு மேல் கிடைக்கும் தொகை போட்டியாளருக்குச் சேரும்.

மூன்றாம் வகை ஒரு நல்ல கேள்வியை எழுப்புகிறது: அதிக விலைக்குப் போன வீடுதான் சிறந்த வடிவமைப்பா? 2011இல் மெல்போர்னில் நடந்த பருவத்தில் நான்கு வீடுகளுள் ஒன்று மட்டுமே ஏலத்தில் விற்றது. மற்ற மூன்றையும் வடிவமைத்தவர்கள் வேலையில் தோற்றார்கள் என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஏலம் நடக்கும் காலத்தின் வீட்டுச் சந்தை, குறைந்தபட்ச விலை நிர்ணயம், எந்த வீடு முதலில் ஏலத்துக்கு வருகிறது என்ற வரிசை ஆகியவையும் முடிவைப் பாதிக்கின்றன. விலை என்பது ஓர் அளவுகோல். அது எதை அளக்கிறது என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

திரையில் தெரிவதும் தெரியாததும்

கேமரா: சிறிய அறைகளைப் படம்பிடிக்க அகலக்கோண லென்ஸ் பயன்படுகிறது. இது அறையை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். அரங்கில் கட்டப்படும் மாதிரி அறைகளில் பெரும்பாலும் நான்காவது சுவரே இருப்பதில்லை. ஆகவே கதவைத் திறந்து உள்ளே வருபவருக்கு அறை எப்படித் தெரியும் என்பது பார்வையாளருக்குக் கிட்டாது. படப்பிடிப்பு விளக்குகள் இருண்ட மூலைகளை மறைக்கின்றன. நெருக்கமான கோடுகள் கொண்ட துணி வீட்டில் அழகாக இருந்தாலும் திரையில் அலைபாயும். எதிரொலி, பெயின்ட் வாடை, நாற்காலியின் சுகம் ஆகிய எதையும் படம் தராது. இதனால் ஒரு சுவர் முழுவதும் அடர்நிறம், பெரிய ஓவியம், தொங்கும் விளக்கு போன்றவை திரையில் எளிதாக வெல்கின்றன. நல்ல அலமாரி, சரியான இடத்தில் அமைந்த மின்விசை போன்றவை கவனம் பெறுவதில்லை.

நேரம்: இரண்டு நாள் என்ற வரம்பு கதைக்குப் பதற்றம் தருகிறது; ஆனால் பொருள்களுக்கு அவற்றுக்கே உரிய நேரம் உண்டு. பெயின்டின் ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். எம்.டி.எஃப் பலகையின் வெட்டிய விளிம்பு பெயின்டை உறிஞ்சும். முதலில் பிரைமர் பூசாவிட்டால் சொரசொரப்பாகத் தெரியும். ஓடுகளுக்கு இடையே இடும் பூச்சும் இறுக வேண்டும். இந்த இடைவெளிகளைச் சுருக்கினால், படம்பிடிக்கும் நாளில் பளிச்சென்று இருக்கும் அறை சில மாதங்களில் உரியத் தொடங்கலாம். அதைக் காட்ட கேமரா அங்கே இருக்காது.

பணம்: அறிவிக்கப்படும் தொகை பெரும்பாலும் பொருள்களுக்கு உரியது. நிகழ்ச்சியின் தச்சர், வடிவமைப்பாளர், உதவியாளர் ஆகியோரின் கூலி அதில் சேருவதில்லை. 500 பவுண்டில் முடிந்த அறையைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டிலும் அதே தொகையில் முடியும் என்று கணக்கிடுபவர் ஏமாந்து போவார்.

படத்தொகுப்பு: பல மணிநேரப் பதிவு ஒரு மணிநேரத்துக்குள் சுருக்கப்படுகிறது. ஒரே போட்டியாளர் எந்த நொடிகள் வைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துக் கடும் உழைப்பாளியாகவும் தெரியலாம், பிடிவாதக்காரராகவும் தெரியலாம். பேசுபவரின் முகம் காட்டப்படாமல் குரல் மட்டும் தொடரும் இடங்களில், வெவ்வேறு நேரத்தில் சொன்ன சொற்கள் ஒட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

தீர்ப்பின் நேர்மை

அமெரிக்காவில் 1950களில் வினாடி வினா நிகழ்ச்சிகள் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டது அம்பலமானது. இதைத் தொடர்ந்து 1960இல் தகவல் தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அறிவுப் போட்டிகளின் முடிவை மக்களை ஏமாற்றும் நோக்கில் முன்தீர்மானிப்பது குற்றமாக்கப்பட்டது. அழகு, ரசனை சார்ந்த போட்டிகளில் சரியான விடை என்று ஒன்று இல்லாததால் நிலைமை சிக்கலானது. அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சிகள் சிலவற்றின் இறுதியில் ஓடும் சிறிய எழுத்துகளில், நடுவர்கள் தயாரிப்பாளர்களுடன் கலந்து முடிவெடுத்தார்கள் என்ற அறிவிப்பு இருக்கும். இதனால் தீர்ப்பு பொய் என்றாகிவிடாது. ஆனால் சண்டையிடும் போட்டியாளர் ஏன் இன்னும் ஒரு வாரம் நீடிக்கிறார் என்று வியப்பவர், அந்த எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

வீட்டுக்காரரின் இடம்

இவ்வகை நிகழ்ச்சிகளில் மிகவும் பேசப்பட்ட இரு சம்பவங்கள், இந்த விளையாட்டில் இழப்பு யாருக்கு என்பதைக் காட்டுகின்றன.

முதலாவது 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில் நடந்தது. வடிவமைப்பாளர் லிண்டா பார்க்கர் ஒரு வீட்டில் கூரையிலிருந்து தொங்கும் அலமாரியை அமைத்து, வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த பழங்காலத் தேநீர்க் கெண்டிகளை அதில் அடுக்கச் செய்தார். அலமாரி அறுந்து விழுந்தது. அரிய கெண்டிகள் நொறுங்கின. அந்தக் காட்சி பின்னர் பலமுறை சிரிப்புக்காக மறுஒளிபரப்பானது. வடிவமைப்புக் கண்ணோட்டத்தில் இது ரசனைப் பிழை அல்ல, பாரம் தாங்கும் திறன் பற்றிய பிழை. எத்தனை கிலோ ஏறும், எதில் தொங்குகிறது என்ற கேள்வி அழகுக்கு முன்னால் வர வேண்டியது.

இரண்டாவது 'டிரேடிங் ஸ்பேசஸ்' நிகழ்ச்சியில் நடந்தது. தம் வீட்டுச் செங்கல் கணப்பை மட்டும் தொட வேண்டாம் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். வடிவமைப்பாளர் டக் வில்சன் அதை மரப்பலகையால் மூடினார். அறையைப் பார்த்த அவர் வெளியேறி அழுதார், அவர் உடையில் பொருத்திய ஒலிவாங்கி அந்த அழுகையைப் பதிவு செய்துகொண்டே இருந்தது, அதுவும் ஒளிபரப்பானது. மூடிய கணப்பு அழகாக இருந்தது என்று வாதிடுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் உள்ளக வடிவமைப்பு என்பது ஒருவர் வாழும் இடத்தை அவருக்காக அமைக்கும் தொழில். அவர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்த அறை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்ட வேலையைச் செய்யவில்லை.

பின்னர் வந்த சில நிகழ்ச்சிகள் இதைக் கணக்கில் கொண்டன. 'தி கிரேட் இன்டீரியர் டிசைன் சேலஞ்ச்' போட்டியாளர்கள் நிறம், துணி, படம் ஆகியவற்றை ஒட்டிய மாதிரிப் பலகையை வீட்டுக்காரரிடம் முதலில் காட்டினார்கள்; அவர் சொன்ன திருத்தங்களை ஏற்றார்களா என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற்றது.

விமர்சிக்கும் முறை

'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்பது கருத்து. காரணம் சேர்ந்தால்தான் அது விமர்சனம் ஆகும். பின்வரும் கேள்விகள் மாணவர்களுக்கு உதவும்.

1. என்ன கேட்கப்பட்டது? அறையில் யார், எதற்காக இருக்கப்போகிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கண்ணாடி மேசை அழகாக இருப்பது போதாது.

2. நடக்க இடம் உண்டா? முக்கியமான நடைவழிக்கு ஏறக்குறைய 90 செ.மீ. அகலம் வேண்டும். சோபாவுக்கும் முன்மேசைக்கும் இடையே 40 முதல் 45 செ.மீ. இருந்தால் எட்டவும் முடியும், நடக்கவும் முடியும். உணவு மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ., இருக்கையின் உயரம் சுமார் 45 செ.மீ. என்பது வழக்கம். மனிதர் நிற்கும் காட்சியில் அவர் உடலோடு ஒப்பிட்டு இவற்றைக் கணிக்கலாம்.

3. பொருள்கள் எங்கே போயின? இறுதிக் காட்சியில் துணிமணி, புத்தகம், மின்கம்பி எதுவும் தெரிவதில்லை. அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டதா, கேமராவுக்குப் பின்னால் தள்ளப்பட்டதா?

4. வெளிச்சம் எத்தனை வகை? கூரை விளக்கு ஒன்றே போதாது; படிக்க, சமைக்க, ஓய்வெடுக்கத் தனித்தனி ஒளி தேவை.

5. ஓராண்டு தாங்குமா? 'டிரேடிங் ஸ்பேசஸ்' வடிவமைப்பாளர் ஹில்டி சாண்டோ-டோமாஸ் ஒரு வீட்டின் சுவரில் வைக்கோலை ஒட்டினார். திரையில் அது மறக்க முடியாத காட்சி. தூசியைத் துடைக்க வேண்டியவரோ அந்த வீட்டுக்காரர்.

6. நடுவர் சொன்ன காரணமும் அவர் தந்த தீர்ப்பும் பொருந்துகின்றனவா? சென்ற வாரம் துணிச்சலைப் பாராட்டியவர் இந்த வாரம் அதையே குறையாகச் சொன்னால், அளவுகோல் மாறியது ஏன் என்று கேட்கலாம்.

ரசனை பற்றிய எச்சரிக்கை

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட 'லா டிஸ்டிங்சியோன்' நூலில், ரசனை என்பது பிறவிக்குணம் அல்ல, வளர்ந்த வீடும் கற்ற கல்வியும் சேர்ந்து உருவாக்குவது என்று விளக்கினார். பளபளப்பான திரைச்சீலையையும் பிளாஸ்டிக் பூக்களையும் பார்த்து நடுவர் முகம் சுளிக்கும்போது, அவர் வடிவமைப்பைக் குறை கூறுகிறாரா, அந்த வீட்டாரின் வாழ்நிலையைக் குறை கூறுகிறாரா என்று பார்க்க வேண்டும். விமர்சகர் தம் வாக்கியங்களையும் இதே கேள்வியால் சோதிக்க வேண்டும்.

பயன்கள்

குறைகள் பல இருந்தும், இந்நிகழ்ச்சிகள் முறையான கல்வி பெறாதவர்களுக்கு வழி திறந்துள்ளன. 'டிசைன் ஸ்டார்' முதல் பருவத்தில் வென்ற டேவிட் பிராம்ஸ்டாட் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் தொடர்ந்தார். 2022இல் 'இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்' வென்ற பான்ஜோ பீல், தாம் வாழும் ஸ்காட்லாந்துத் தீவுப் பகுதியின் கட்டடங்களைச் சீரமைக்கும் தனி நிகழ்ச்சியைப் பெற்றார். அறை என்பது வாங்கி நிரப்புவது அன்று, யோசித்து அமைப்பது என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததும் இந்நிகழ்ச்சிகளே.

இவற்றைப் பார்த்து மகிழ்வதும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இறுதிக் காட்சி முடிந்து, விளக்குகளை அணைத்துக்கொண்டு படக்குழு கிளம்பிய பிறகு, அந்த அறையில் மறுநாள் காலை எழுந்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று யோசிக்கப் பழகியவரே நல்ல பார்வையாளர்.