உம் கொட்டும் ஆலோசகர்

மனத்துயரோடு வருபவருக்குப் புத்திமதி சொல்லாமல், பரிவோடு கேட்டிருந்தாலே அவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார் என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1940-களில் எடுத்துரைத்தபோது, ஆலோசகரின் சொந்த விருப்பு வெறுப்புகள் இனி வாசலுக்கு வெளியே நின்றுவிடும் என்று நம்பியவர்கள் பலர்.

அந்த நம்பிக்கையை அசைத்தது, 1955-இல் கிரீன்ஸ்பூன் என்பவர் வெளியிட்ட ஓர் எளிய பரிசோதனை. மனத்தில் தோன்றும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும்படி மாணவர்களைப் பணித்துவிட்டு, பன்மைப் பெயர் வரும்போது மட்டும் அவர் ‘உம்’ கொட்டினார். பன்மைப் பெயர்கள் பெருகின. பிறகு 1966-இல் சார்ல்ஸ் ட்ரூவாக்ஸ், ராஜர்ஸே நடத்திய சிகிச்சையொன்றின் ஒலிப்பதிவுகளை நுணுகி ஆராய்ந்து, வந்தவர் தம்மைப் பற்றித் தெளிவோடும், ராஜர்ஸின் பாணியை ஒத்தும் பேசிய வேளைகளில் அவருடைய கனிவு கூடியதையும், அத்தகைய பேச்சே நாளடைவில் மிகுந்ததையும் கண்டார். இதை ராஜர்ஸுக்கு இழுக்கென்று நான் கருதவில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் இடத்தில் செல்வாக்கு இல்லாமல் இருப்பது மனித சுபாவத்துக்கே இயலாத காரியம்.

இந்த உண்மையை மறைக்காமல் ஒரு கோட்பாடாகவே வகுத்தவர், மின்னஸோட்டாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்ட்ராங். ஆலோசகரின் கருத்து தம் கருத்தோடு மோதும்போது, வந்தவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். அல்லது ‘இவருக்கு என்ன தெரியும்?’ என்று அவரையே ஒதுக்கலாம், விஷயம் அற்பமென்று தள்ளலாம், ஆலோசகரின் மனத்தை மாற்ற வாதாடலாம், தமக்கு ஒத்துப்பாடும் வேறொருவரை நாடிப் போகலாம். ஆகவே முதற்கட்டத்தில் தம் தேர்ச்சியையும், நம்பத்தக்க நாணயத்தையும், தம்மிடத்தில் ஒரு பிரியத்தையும் ஆலோசகர் நிலைநாட்டிக்கொண்டால் தப்பிக்கும் வழிகள் பெரும்பாலும் அடைபடும் என்றும், அதன் பின்னரே அந்தச் செல்வாக்கை மாற்றத்துக்குப் பிரயோகிக்க வேண்டும் என்றும் 1968-இல் அவர் எழுதினார்.

ஆயினும், நொந்த மனத்தோடு வந்தவரின் வழிகளையெல்லாம் அடைப்பதில் அபாயமும் உண்டு. அங்கே ஆலோசகரின் பிடிவாதம் சிகிச்சையின் வேஷத்தில் புகுந்துவிடக் கூடும். இந்த வகையில், குடிப்பழக்கத்தால் அவதிப்படுவோருக்காக வில்லியம் மில்லர் 1983-இல் விவரித்த முறையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. குடியை விடவேண்டிய காரணங்களை ஆலோசகர் அடுக்குவதில்லை. குடித்தவரே தம் வாயால் சொல்லும்படி வினவி, அவர் சொன்னதை அவர் காதிலேயே மீண்டும் விழச் செய்கிறார். மில்லரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்வாதம் செய்து கண்டித்தாரோ, அவ்வளவுக்கு வந்தவர்கள் ஓராண்டுக்குப் பின்னர் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.