கண்ணுக்குத் தெரியும் கணக்கு



சிங்கப்பூர் ஒரு சிறு தீவு நாடு. அங்குள்ள நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. ஆதலால் இரயில் நிலையங்களின் எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்க எனக்கு யாருடைய துணையும் வேண்டியிருக்கவில்லை. ஆனால், கட்டணம் செலுத்தும் முறையைக் கற்பதற்கு ஒன்பது வயதுப் பேத்தியிடம் நான் மாணவனாக நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோது கற்ற அந்தப் பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்நாட்டுப் பஸ்களில் நடத்துனர் கிடையாது. ஏறும் வாயிலில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அட்டையொன்றை அதன் அருகே காட்டினால் மெல்லிய ஒலி எழும். இறங்கும்போதும் அவ்வாறே காட்டவேண்டும். அட்டையினுள் சிறு மின்னணுச் சில்லும் கம்பிச் சுருளும் உள்ளன. கருவி பரப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே அச்சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகிறது; ஆகவே அட்டைக்குப் பாட்டரி தேவையில்லை. காந்தப் பட்டையிட்ட பழைய அட்டைகளுக்கு மாற்றாக இவ்வகை அட்டை 2002ஆம் ஆண்டில் புழக்கத்திற்கு வந்தது. நான் சென்றிருந்தபோது நாணயம் கொடுத்தும் பஸ்ஸில் செல்ல முடிந்தது. ஆனால் சரியான சில்லறை வேண்டும், மீதி தரமாட்டார்கள், கட்டணமும் சற்றுக் கூடுதல்.

இறங்கும்போது எதற்காக அட்டையைக் காட்டவேண்டும்? அங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 2010ஆம் ஆண்டு ஜூலை முதல், பஸ்ஸிலிருந்து இறங்கி இரயிலில் ஏறினாலும் தொடக்கக் கட்டணத்தை மறுபடி கொடுக்க வேண்டுவதில்லை. 45 நிமிடங்களுக்குள் மாறிக்கொண்டால் முழு வழியும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். எங்கே இறங்கினோம் என்று தெரிந்தாலன்றி இக்கணக்கைப் போட இயலாதல்லவா?

ஒரு நாள் பேச்சு மும்முரத்தில் அட்டையைக் காட்டாமலே இறங்கிவிட்டேன். அந்தப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் கழிக்கப்பட்டுவிட்டது. மறுநாள் கருவியின் திரையில் மீதித்தொகை குறைந்திருந்ததைக் கண்ட பின்னரே பிழையை உணர்ந்தேன். பிழை என்னுடையது, அதை எனக்குக் காட்டியது அத்திரை.

அதே மாதத்தில் அத்திரையைப் பற்றியே நாடெங்கும் பேச்சு எழுந்தது. பழைய அட்டை பணப்பையைப் போன்றது. தொகை அட்டையிலேயே பதிவாகியிருப்பதால் மீதி உடனே தெரியும். புதிய முறையோ மளிகைக் கடைப் பற்றுக் கணக்கைப் போன்றது. யாருடைய அட்டை என்பதை மட்டும் கருவி குறித்துக்கொள்ளும். கணக்கு எங்கோ உள்ள கணிப்பொறியில் எழுதப்படும். கழித்த தொகையும் மீதியும் வாயிலில் தெரியமாட்டா; கைப்பேசியில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஜூன் மாதம் முதல் பெரியவர்கள் யாவரும் புதிய முறைக்கே மாறவேண்டும் என்று ஜனவரி 9ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணக்கைத் தருவித்துத் திரையில் காட்டச் சில விநாடிகள் ஆகும், நெரிசல் நேரத்தில் வரிசை தேங்கும் என்று அதிகாரிகள் விளக்கினர். அதுவும் நியாயமான தடையே. ஆயினும், கொடுத்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று உடனே காண மக்கள் விரும்பினர். ஜனவரி 22ஆம் நாள் போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட், பழைய முறையும் தொடரும் என்றும், அதற்கு மேலும் 4 கோடி வெள்ளி செலவாகும் என்றும் அறிவித்தார். வெள்ளி என்பது அந்நாட்டு டாலருக்கு அங்குள்ள தமிழர் வழங்கும் பெயர்.

ஒரு சிறு தொகையைத் திரையில் காண்பதற்கு இத்தனை செலவா என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் கணக்குக் கற்பித்த நாளில், விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் தந்ததில்லை. வழியையும் காட்டு என்பேன். அம்மக்கள் கேட்டதும் அதுவே. நீங்களும் வெளியூர் செல்லுங்கால், கட்டண முறையை முன்கூட்டியே கேட்டறியுங்கள். கொடுத்தபின் கணக்கைச் சரிபாருங்கள். பயணி தன் அட்டையைத் தவறாமல் காட்டவேண்டும். கருவியும் தன் கணக்கை அவனுக்குக் காட்டவேண்டும். இரண்டும் கடமைகளே.