குற்றவியல் நீதி: வெளிநாட்டு முதுகலைப் படிப்பு யாருக்கு, எதற்கு?

“என் மகள் லண்டனில் கிரிமினல் ஜஸ்டிஸ் மேற்படிப்பு படிக்கப் போகிறாள்” என்று ஒரு தாய் சொன்னால், “ஓ, வக்கீலாகப் போகிறாளா?” என்றுதான் அடுத்த வீட்டார் கேட்பார்கள். பல நேரங்களில் அந்தத் தாயின் எண்ணமும் அதுவாகவே இருக்கும். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பட்டத்தோடு அவள் திரும்பிய பிறகு, இதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்று தெரிய வருவது மிகவும் கொடுமை. ஆகவே முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலேசியாவில் வழக்கறிஞராக வேண்டுமானால் 1976-ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் கேட்கும் தகுதி வேண்டும். வெளிநாட்டில் சட்டம் படித்த நம் பிள்ளைகள் பலர் சி.எல்.பி. தேர்வு எழுதுவது அதற்காகத்தான். குற்றவியல் நீதியில் முதுகலைப் பட்டம் அதற்கு ஈடாகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளை அங்கி அணிந்து கைரேகையும் இரத்தத் துளியும் சேகரிக்கிறார்களே, அது தடயவியல். அதற்கு இரசாயனமும் உயிரியலும் படித்திருக்க வேண்டும். குற்றவியல் நீதி என்பது வேறு. ஒருவர் கைதாவது முதல் விசாரணை, வழக்கு, தண்டனை, சிறைவாசம், விடுதலைக்குப் பிந்திய வாழ்க்கை வரை அனைத்தையும் ஒரே சங்கிலியாக வைத்து ஆராய்கின்ற படிப்பு அது. “இவன் செய்தானா, நிரூபிக்க முடியுமா?” என்று வழக்கறிஞர் கேட்கிறார். “இவன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான், வெளியே போன பிறகு மீண்டும் வருவானா, நாம் கொடுத்த தண்டனை பலன் தந்ததா?” என்று இந்தப் படிப்பு கேட்கிறது.

அந்தக் கேள்விகளுக்கு யூகத்தில் பதில் சொல்ல முடியாது என்பதுதான் மாணவர்கள் கற்கும் முதல் பாடம். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 1978-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடுக்கப்பட்ட ‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’ என்னும் ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. வழி தவறிய இளைஞர்களை ராவே சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பிள்ளைகள் நடுங்கிப் போனார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், பல ஊர்களிலும் இத்திட்டம் பரவியது. பிற்பாடு, அத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சேர்ந்தவர்களே அதிகமாகக் குற்றச் செயல்களில் ஈடுபட்டிருந்தது தெரிய வந்தது. “ஒரு நாள் ஜெயிலைக் காட்டிக் கொண்டு வந்தால் பையன் திருந்திவிடுவான்” என்று சொல்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள்தான். ஆனால் நல்லெண்ணம் வேறு, பலன் வேறு.

அதேபோல 1972-73-இல் கன்சாஸ் சிட்டி நகரில் ஒரு சோதனை நடந்தது. சில வட்டாரங்களில் போலீஸ் ரோந்தைக் கூட்டினார்கள், சிலவற்றில் நிறுத்தினார்கள், மற்றவற்றில் வழக்கம்போல் விட்டார்கள். குற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ மக்களும் பெரிதாக உணரவில்லை. ரோந்தே வீண் என்று இதற்குப் பொருளல்ல. எங்கே, எப்போது, எப்படிச் செல்வது என்ற ஆராய்ச்சி அதன் பிறகுதான் சூடுபிடித்தது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது நினைவிருக்கும். உறுப்பினர்கள் சுமார் 40 ஆயிரம் பேர், அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. மேடைகளில் வேதனைப்பட்டோம், ஒருவரை ஒருவர் குறை கூறிக்கொண்டோம். அந்த எண் எப்படிக் கணக்கிடப்பட்டது, உறுப்பினர் என்று யாரை எழுதிக்கொண்டார்கள், எந்த வயதில் சேர்கிறார்கள், எந்த வயதில் விலகுகிறார்கள் என்று முறையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின்படி, குற்றம் புரிந்த சிறுவனை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பையன் பிணையில் வீட்டுக்குத் திரும்புவதா, ஹென்றி கர்னி பள்ளிக்குப் போவதா என்பதில் அந்தச் சில பக்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்தின் நிலைமை அறிந்த ஒருவர் அதை எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, முன்பு ஒரே தண்டனை மட்டுமே இருந்த குற்றங்களுக்கும் நீதிபதி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குற்றவாளியின் பின்னணியை ஆராய்ந்து எடுத்துரைப்பவர்களின் தேவை கூடியிருக்கிறது.

சரி, எங்கே படிப்பது? பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு. கேம்பிரிட்ஜில் 1959-இல் தொடங்கப்பட்ட குற்றவியல் கழகம் இருக்கிறது, ஆக்ஸ்ஃபர்டும் எல்.எஸ்.இ.யும் இத்துறையில் பெயர் பெற்றவை. அமெரிக்காவில் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி இத்துறைக்கென்றே அமைந்தது. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் உண்டு. குறைந்த செலவில் படிக்க விரும்புவோர் தமிழ்நாட்டை மறந்துவிடக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உள்ளன. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வை இந்தியாவில் வளர்த்த பேராசிரியர் கு. சொக்கலிங்கம் அங்கிருந்து வந்தவர்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, அங்கே யார் எதை ஆராய்கிறார்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. சிறைவாழ்வைப் பற்றி அறிய விரும்புபவருக்குக் கேம்பிரிட்ஜின் சிறை ஆய்வு மையம் பொருத்தம். அதே இடம் வேறொருவருக்கு வெறும் பெயருக்காகத்தான்.

‘படித்து முடித்து அங்கேயே தங்கிவிடலாம்’ என்ற கணக்கு இத்துறையில் எளிதில் பலிக்காது. பொறியாளரையும் தாதியரையும் எந்த நாடும் வரவேற்கும். போலீசுக்கும் சிறைக்கும் உளவுத் துறைக்கும் வெளிநாட்டவரை அப்படிச் சேர்த்துக்கொள்வார்களா? எஃப்.பி.ஐ. போன்ற அமைப்பில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். படிக்கும்போதே போலீஸ் நிலையத்தில் பயிற்சி பெறலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அது வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா என்று எழுத்து வழியாகக் கேட்டு வாங்குங்கள். திருமணமானவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், பிரிட்டனில் பாடவழி முதுகலை படிக்க வருவோர் துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல முடியாது.

நாடு திரும்பி அரசாங்க வேலைக்குப் போக எண்ணுபவர்கள், அந்தப் பட்டத்தின் அங்கீகாரம் பற்றி மலேசியத் தகுதி முகமையிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. முதுகலைப் பட்டம் இருக்கிறது என்பதற்காகப் போலீஸ் படையில் எடுத்த எடுப்பிலேயே உயர்பதவி தரமாட்டார்கள். என்னைக் கேட்டால், இளங்கலை முடித்த கையோடு ஓடுபவரைவிட, சமூக நலத் துறையிலோ பள்ளியிலோ சட்ட அலுவலகத்திலோ இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கே இப்படிப்பு அதிகம் பயன்படும். வகுப்பில் ஒரு கோட்பாட்டைக் கேட்டதும் அவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும்.

ஆய்வேட்டிலும் அது தெரியும். ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்குக் கிடைப்பது கோடைக்கால மாதங்கள்தான். மலேசியச் சிறைக் கைதிகளைப் பேட்டி காண வேண்டுமானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும், இங்குள்ள சிறைத் துறையின் அனுமதியும் வேண்டும். இரண்டும் மாதக் கணக்கில் இழுக்கும். கிளம்பும் முன்பே கேள்வியை முடிவு செய்தவர் முதல் தவணையிலேயே மனு போடுவார். மற்றவர் நூலகத்தில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவார்.

பிரிட்டனில் பல இடங்களில் கட்டணம் மட்டுமே 20,000 பவுனைத் தாண்டும் என்பதால் உபகாரச் சம்பளத்தைத் தேடாமல் கடன் வாங்காதீர்கள். செவ்னிங் உபகாரச் சம்பளம் குறைந்தது இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கிறது. முடித்தபின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். அதற்குள் பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய இருவரிடம் பேசி வையுங்கள். நீங்கள் ஆராய நினைக்கும் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அவர்களிடமும் கொடுங்கள். “சிறு வயது முதலே எனக்கு நீதியில் ஆர்வம்” என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக் குழுவினர் ஏராளமாகப் பார்த்திருப்பார்கள்.