நாக்கடி மாத்திரையும் மார்ஃபினும்

தொடையெலும்பு முறிந்து வந்த தம்பிக்கு மார்ஃபின் கொடுத்தும் வலி அடங்கவில்லை. போதை மீட்புச் சிகிச்சையில் இருந்தவர். நாக்கடியில் வைக்கும் பூப்ரினார்பின் மாத்திரையை அன்று காலையும் எடுத்திருந்தார். கூச்சத்தால் சொல்லவில்லை. மயக்க மருத்துவராக நான் அதைத்தான் முதலில் கேட்பேன், தனியாக.

மார்ஃபின், பூப்ரினார்பின் இரண்டுமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ‘மியூ’ ஏற்பிகளில் அமர்பவை. பூப்ரினார்பின் இறுகப் பற்றும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். மார்ஃபினுக்கு இடம் கிடைக்காது. பென்டசோசின் என்ற வலி மருந்து இன்னும் சிக்கல்: மார்ஃபினுக்குப் பழகிய உடம்பில் போட்டால் வலி திரும்பும், வியர்க்கும், நடுங்கும். மார்ஃபினோடு அதே வகை ஃபென்டனில் சேர்ந்தாலோ வலியடக்கம் கூடும், மூச்சும் மந்தமாகும். இவற்றை முறிக்கும் நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

தம்பியின் மாத்திரையை நிறுத்தவில்லை. தொடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டேன், வலி தணிந்தது.