உதடு மறைப்பதைக் கை காட்டும்

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் 'படம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'மடம்' என்று சொல்லுங்கள். இரண்டு முறையும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'பாலை'க்கும் 'மாலை'க்கும் இதே கதிதான். ககரமோ நாவின் அடியில் பிறப்பதால் உதட்டில் ஏறக்குறைய எந்தத் தடயமும் விடுவதில்லை. உதட்டசைவை மட்டும் நம்பிப் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர், கண்ணில் படாத ஒலிகளையெல்லாம் ஊகித்தே நிரப்பவேண்டும். மொழியை முன்பே அறிந்தவருக்கு அந்த ஊகம் ஓரளவு கைகொடுக்கும். மொழியையே இனிமேல்தான் கற்கவேண்டிய குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்?

இந்தக் கேள்விதான் ஆரின் கார்னெட்டை உலுக்கியது. இயற்பியலும் கணிதமும் படித்த அமெரிக்கர் அவர். காது கேளாதவர்களில் பலர் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அறிந்து திகைத்தார். பார்வைக்குக் குறையில்லாதபோது படிப்பு ஏன் தடைப்படவேண்டும்? அச்சில் இருக்கும் மொழி அவர்களிடம் முழுதாகப் போய்ச் சேரவே இல்லை என்பதே அவர் கண்ட விடை. 1965இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் துணைத்தலைவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 'கியூட் ஸ்பீச்' என்ற முறையை உருவாக்கிவிட்டார். பேசும்போதே கையால் ஒலியைக் குறித்துக் காட்டும் முறை இது.

தமிழ் படித்தவருக்கு இதன் அமைப்பு சட்டென்று பிடிபடும். விரல்களின் வடிவம் மெய்யொலியைக் குறிக்கும். முகத்தருகே கை நிற்கும் இடம் உயிரொலியைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். அமெரிக்க ஆங்கிலத்துக்குக் கைவடிவங்கள் 8, இடங்கள் 4: வாயோரம், மோவாய், தொண்டை, முகத்தின் பக்கம். பாயைக் குறிக்கும் 'மேட்' என்ற சொல்லின் தொடக்கத்துக்குக் கட்டைவிரலோடு ஐந்து விரலும் நீண்டிருக்கும். கிரிக்கெட் மட்டையான 'பேட்'டுக்குக் கட்டைவிரலை மடக்கி நான்கு விரல் காட்டவேண்டும். உதட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரு சொற்களும் கையில் பிரிந்துவிடுகின்றன. உயிரொலி ஒன்றே என்பதால் இரண்டுக்கும் கை தொண்டையருகில் நிற்கும்.

இதில் கார்னெட்டின் நுட்பம் இன்னொன்றும் உண்டு. எட்டே வடிவங்களால் ஆங்கிலத்தின் எல்லா மெய்யொலிகளையும் காட்டவேண்டியிருந்ததால், ஒவ்வொரு வடிவத்துக்கும் சில ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஆனால் உதட்டில் வேறுவேறாகத் தெரியும் ஒலிகளையே ஒரு வடிவத்தில் சேர்த்தார். ஆகவே கையை மட்டும் பார்த்தால் பேச்சு புரியாது, உதட்டை மட்டும் பார்த்தாலும் புரியாது. பார்ப்பவரின் கண் பேசுபவரின் முகத்திலேயே இருக்கும். இந்த அமைப்பை நான் பெரிதும் வியக்கிறேன்.

அன்றாட வாழ்வில் இதன் பயன் சின்னச் சின்ன இடங்களில் தெரியும். ஒரு கை போதும் என்பதால் மற்றொரு கையால் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே அம்மா பேசலாம். விருந்தாளியின் பெயர், புது மருந்தின் பெயர், ஊர்ப்பெயர், அர்த்தமே இல்லாத தாலாட்டு ஒலி என எதையும் அப்படியே காட்டலாம். கொச்சையும் வட்டார உச்சரிப்பும்கூடக் கண்ணுக்குத் தெரியும். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோர் தாங்கள் நன்றாக அறிந்த மொழியையே குழந்தைக்குத் தரமுடிகிறது என்பதுதான் இதன் பெரும் பேறு.

பலன் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. நிக்கோல்ஸ், லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 18 குழந்தைகள், உதட்டோடு கைக்குறிப்பும் கிடைத்தபோது வாக்கியங்களின் முக்கியச் சொற்களை 95 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் பிடித்தார்கள். பெல்ஜியத்தில் ஜாக்லின் லேபேர் குழுவினர் பிரெஞ்சு மொழியில் ஆராய்ந்தார்கள். சிறுவயதிலேயே வீட்டில் இம்முறையைக் கண்டு வளர்ந்த குழந்தைகள், ஒத்த ஓசையில் முடியும் சொற்களைக் காது கேட்கும் குழந்தைகளுக்கு இணையாக இனம்கண்டார்கள். பள்ளிக்குப் போன பிறகே இதைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு கைகூடவில்லை.

சைகை மொழிக்கு மாற்றாக இதை நிறுத்துவது தவறு. சைகை மொழி தனக்கென இலக்கணமும் சமூகமும் உள்ள முழு மொழி. காது கேளாதோர் தங்களுக்குள் இயல்பாகப் பேசி வாழும் உலகம் அது. கியூட் ஸ்பீச் தனி மொழி ஆகாது. ஏற்கெனவே உள்ள ஒரு பேச்சுமொழியைக் கண்ணுக்குக் காட்டும் கருவி மட்டுமே. ஒரு குழந்தைக்கு இரண்டும் கிடைப்பதே நல்லது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் வட்டார வழக்குகளுக்கும் இம்முறை தகவமைக்கப்பட்டிருக்கிறது.

கைவடிவங்களையும் இடங்களையும் சில நாள் பயிற்சியில் கற்றுவிடலாம். பேச்சு வேகத்துக்குக் கை ஈடுகொடுக்க மாதக்கணக்கில் பழகவேண்டும். பிறர் காட்டுவதைக் குரலில்லாமல் படிப்பது காது கேட்பவருக்கு அதைவிடக் கடினம். அதற்கும் சேர்த்தே பழகவேண்டும், இல்லாவிட்டால் உரையாடல் ஒருவழியாகிவிடும். இம்முறையைத் தேர்ந்தெடுக்கும் வீட்டில் அம்மா ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். அப்பா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லோரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.