அழைப்பு வராத கோஷ்டி

1951-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பசிபிக் சமுத்திரக் கரையிலுள்ள சான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில், ஏசு சபைப் பாதிரிமார் 1855-ல் ஸ்தாபித்த ஒரு சிறிய சர்வகலாசாலையின் கால்பந்துக் கோஷ்டி ஒன்பது பந்தயங்கள் ஆடி, ஒன்பதிலும் ஜயித்தது. ஜயித்தவர்களுக்குக் கிடைத்த சன்மானம், புத்தாண்டுப் பந்தயம் எதற்கும் அழைப்பு வரவில்லை என்ற செய்தியும், அதன்பின் வெகு சீக்கிரத்தில் கோஷ்டியே கலைக்கப்பட்டது என்ற செய்தியுமே.

அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதே அதிகம். பக்கத்துக்குப் பதினொருவர், நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும், எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 'டச்டவுன்', அதற்கு 6 புள்ளி. பந்தோடு ஓடுகிறவனை, நம் சடுகுடு ஆட்டத்தில் பாடிவந்தவனை மடக்குவதுபோலவே, எதிர்ப்பக்கத்தார் கட்டிப்பிடித்து வீழ்த்துவார்கள். ஆட்டத்தை ரசிக்க இவ்வளவு தெரிந்தால் போதும். மற்ற விதிகள் அமெரிக்கர்களுக்கே தகராறு விளைவிப்பவை.

ஆனால் பருவம் எப்படி முடிவடைகிறது என்பதை அறியாமல் இந்தக் கதையை விளங்கிக்கொள்ள முடியாது. அக்காலத்தில் கல்லூரிகளுக்குள் யார் சிரேஷ்டர் என்பதை இறுதிப் பந்தயம் ஒன்று தீர்மானிக்கவில்லை. பத்திரிகையாளர்கள் வாக்களித்து வரிசைப்படுத்தினார்கள். பருவம் நிறைவுற்றபின், பாஸடீனாவில் 'ரோஸ் பௌல்', மியாமியில் 'ஆரஞ்சு பௌல்', நியூ ஆர்லியன்ஸில் 'ஷுகர் பௌல்' என்று, குளிர்காலத்திலும் வெயில் காயும் ஊர்களில் புத்தாண்டையொட்டிப் பெரும் பந்தயங்கள் நடைபெற்றன. இவற்றில் ஆடும் உரிமை வெற்றியினால் மட்டும் சித்திப்பதன்று. பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கமிட்டியார் பார்த்து அழைக்க வேண்டும். அழைப்புடன் கீர்த்தி வரும், கீர்த்தியுடன் பணமும் வரும். இப்பந்தயங்களில் பல நடந்த தென் மாகாணங்களிலோ, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிப்பதற்கும் சட்டம் குறுக்கே நின்ற காலம் அது.

'டான்ஸ்' என்று வழங்கப்பெற்ற சான்பிரான்ஸிஸ்கோ கோஷ்டியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச், ஆட்டக்காரர்களை இரக்கமின்றி வேலை வாங்குவதில் பெயர் பெற்றவர். அவரிடம் இருந்த இளைஞர்களோ அசாதாரணமானவர்கள். ஜெர்மனியரோடு யுத்தகளத்தில் பொருதித் திரும்பிய ஜீனோ மார்ச்செட்டி. 6 அடி 9 அங்குல உயரமுள்ள பாப் செயின்ட் கிளேர். இவர்களோடு, நகரத்தின் இரண்டாண்டுக் கல்லூரியில் முன்பே சேர்ந்து ஆடிய இரண்டு கறுப்பின மாணவர்கள், டெக்ஸாஸில் பிறந்த ஆலி மாட்சனும் டென்னஸியிலிருந்து வந்த பர்ல் டோலரும். அந்தப் பருவத்தில் மாட்சன் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,566 கெஜம். தேசத்தில் வேறெந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் அவ்வளவு ஓடவில்லை. நியூயார்க் சென்று ஃபோர்டாம் சர்வகலாசாலையை 32-26 என்று வென்ற பந்தயத்தில், எதிரிகள் உதைத்தனுப்பிய பந்தைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளமும் ஒருவர் கைக்கும் அகப்படாமல் ஓடி அவர் எல்லையைத் தொட்டது ஒரு முறையன்று, இரண்டு முறை. அதே ஆண்டு அக்டோபரில், ஓக்லஹோமாவில், ட்ரேக் சர்வகலாசாலையின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை எதிர்ப்பக்கத்து வெள்ளையர் ஒருவர், பந்து அவர் கையில் இல்லாதபோதே முகத்தில் தாக்கித் தாடையை முறித்ததும், அந்தக் காட்சி படங்களாகப் பத்திரிகைகளில் வெளியானதும் நினைவுகூரத் தக்கவை.

கடைசிப் பந்தயத்தில் லயோலா கல்லூரியை 20-2 என்று தோற்கடித்தபின், ஆரஞ்சு பௌலிலிருந்து வந்த சமிக்ஞையை அந்த ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள்: மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம். குஹாரிச் இதைத் தெரிவித்தபோது வாக்கெடுப்பு நிகழவில்லையாம், விவாதமும் இல்லையாம், முடியாது என்றார்கள், பேச்சு அத்துடன் முடிந்தது. மற்றப் பந்தயக் கமிட்டிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்குப் பலவீனமான எதிரிகளோடு ஆடியவர்கள் என்ற ஒரு சமாதானமும் சொல்லப்பட்டதுண்டு. பத்திரிகையாளர் வரிசையில் அவர்களுக்குக் கிடைத்தது 14-வது ஸ்தானமே. ஆனால் பக்கத்திலிருந்த ஸ்டான்போர்டு, கலிபோர்னியா போன்ற பெரிய சர்வகலாசாலைகள் அவ்வாண்டு அவர்களோடு ஆடவேயில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடாதவனைத் தோற்கடிப்பது எப்படி?

மறுப்பின் விலை சாமானியமானதன்று. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து இதைப் படிக்கும் நமக்கு அது கௌரவப் பிரச்னையாக மட்டும் தோன்றலாம். சர்வகலாசாலையின் கணக்குப் புத்தகத்திலோ அது ஜீவாதாரப் பிரச்னை. கோஷ்டி ஆடிவந்த கீசார் மைதானத்தின் ஆசனங்கள் நிரம்பவில்லை. 1946 முதல் அதே மைதானத்தில் தொழில்முறைக் கோஷ்டியான 'ஃபார்ட்டி நைனர்ஸ்' ஆடி, ஜனங்களைக் கவர்ந்துகொண்டிருந்தது. அண்டையிலிருந்த செயின்ட் மேரீஸ் கல்லூரி முன்னதாகவே கால்பந்துச் செலவைத் தாங்க மாட்டாமல் விலகியிருந்தது. பௌல் பந்தயப் பணம் வந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பார் உண்டு. வராததால் நிர்வாகத்தார் கால்பந்தை நிறுத்திவிட்டனர்.

ஆட்டக்காரர்கள் நொடித்துப்போகவில்லை. மாட்சன் 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் ஓடி வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். 1959-ல் தொழில்முறைக் கோஷ்டி ஒன்று, அவர் ஒருவரைப் பெறுவதற்காக ஒன்பது பேருக்குரிய பரிவர்த்தனைக்குச் சம்மதித்தது. மாட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றனர். கோஷ்டியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த பீட் ரோஸெல் என்ற இளைஞர் 1960-ல் தேசியக் கால்பந்து லீக்கின் தலைமை அதிகாரியானார்.

முழங்கால் காயத்தினால் தொழில்முறை ஆட்டம் கைகூடாமற்போன டோலரை, 1965-ல் அந்த லீக் மைதான நடுவர்களில் ஒருவராக நியமித்தது. கறுப்பினத்தவரில் அவரே முதல்வர். வார நாட்களில் சான்பிரான்ஸிஸ்கோ பள்ளியொன்றின் தலைமையாசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர் என்று வாழ்ந்து, 2009-ல் காலமானார். சர்வகலாசாலையின் மாணவர் விடுதி ஒன்று, 'கலிபோர்னியா வெள்ளையருக்கே' என்ற கோஷத்துடன் தேர்தலில் நின்ற செனட்டர் ஜேம்ஸ் ஃபெலனின் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்தது. மாணவர்கள் கிளப்பிய ஆட்சேபணையின் பேரில் 2017-ல் அந்தப் பெயரை நீக்கி, டோலரின் பெயரைச் சூட்டினார்கள்.